தழும்புக்கு மேலே ஒரு ஹெல்மெட்

1. லாஸ்டிங்கிலிருந்து சைக்கிள் கடைக்கு

ஆம்பூரில் அந்த சைக்கிள் கடையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது பஞ்சர் ஒட்டுவது மட்டும்தான். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி, ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷன், கான்பூர் லாரியில் கிளீனர், ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் டீ கேன் என்று எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. சுண்ணாம்பில் போன இரண்டு நகங்கள் திரும்ப முளைக்கவில்லை. வேலை செய்ய அவை தேவைப்படவும் இல்லை.

முதல் நாள் ஓனர் பாஸ்கர் என்னை ஹெல்மெட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"மணி, இதுல பெரிசா ஒண்ணும் இல்ல. தலையில உக்காந்துச்சா, பில்லப் போடு."

"உக்காரலன்னா?"

"உக்கார வெய்யி. நீ லாஸ்டிங்ல இருந்தவன்தான?"

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் லாஸ்டிங் எனக்கு உதவியது. லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. அதன்மேல் தோலை இழுத்து ஒட்டுவதுதான் லாஸ்டிங். ஒரே நம்பர் ஷூ ஒரு கம்பெனியில் அகலமாக இருக்கும், இன்னொன்றில் நீளமாக இருக்கும். தலையும் அப்படித்தான். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பேருக்கு ஒரே அளவு வரும். ஒருவருக்கு நெற்றியில் குத்துகிற ஹெல்மெட் இன்னொருவருக்குப் பக்கவாட்டில் ஆடும். உருண்டைத் தலைக்கு ஒரு மாடல், நீளத் தலைக்கு ஒரு மாடல். ஸ்டிக்கரில் இருக்கும் நம்பரை மட்டும் நம்பி யாருக்கும் விற்கக் கூடாது.

நான் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது இவ்வளவுதான். ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். பின்னால் இருக்கும் டயலைத் திருகிய பிறகு, வாரைப் போடாமலே தலையை ஆட்டினால் அது தலையோடு வர வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போகலாம். கடைசியாக, வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்வேன். திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை லேசாக அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால் வார் லூஸ்.

2. போடப் போட விட்டுக்கொடுக்கும்

ரெஹானா தன் அண்ணன் அப்சலோடு கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செய்பவள். வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. கம்பெனி பஸ் ஹைவேயில்தான் நிற்கும். விடியற்காலையில் அதுவரை வர ஷேர் ஆட்டோ கிடையாது. சைக்கிள் இருந்தால்தான் அவளுக்கு வேலை.

அந்த சைக்கிளில் போகும்போதுதான் ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் ஆபரேஷன். இடது காதுக்கு மேலே வளைவாக ஒரு தழும்பு. பல மாதம் வீட்டில் இருந்தாள். இனிமேல் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெல்மெட் போட்டாலும் சைக்கிளே வேண்டாம் என்று அம்மா சொன்னாளாம். அப்சல்தான் நடுவில் வந்து, "தலையில ஹெல்மெட் இருந்தா போகட்டும், நான் பொறுப்பு. இல்லாம போனா சைக்கிள நானே பூட்டிடுவேன்" என்று முடிவு சொல்லியிருக்கிறான்.

இதையெல்லாம் அப்சல்தான் சொன்னான். ரெஹானா கையில் ஒரு புது ஹெல்மெட்டோடு நின்றாள். வேறு கடையில் வாங்கியது.

"இது இன்னா பிரச்சனைம்மா?" என்றேன்.

"ரொம்ப டைட்டுண்ணா. பத்து நிமிஷத்துல தலைவலி வந்துடுது."

"தெரிஞ்சே ஏன் டைட்டா வாங்கினீங்க?"

அப்சல் பதில் சொன்னான். "புது ஷூ டைட்டாத்தானே வாங்குவோம்ணே. போடப் போட விட்டுக்கொடுக்கும்."

"தோல் விட்டுக்கொடுக்கும் பாய். உள்ள இருக்கறது தெர்மோகோல். அது பத்து வருஷம் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்."

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஷூ வாங்குகிற கண்ணோடு ஹெல்மெட் வாங்குவார்கள். வலித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அது ஹேண்டில்பாரில் தொங்க ஆரம்பிக்கும். ரெஹானா கதையும் அதுதான். டிரையலுக்கு ஓட்டிப் பார்த்த அன்றே அவள் அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்பியதை அப்சல் பார்த்துவிட்டான்.

"மாட்டி வெச்சிக்க அது இன்னா தூக்குவாளியா?" என்று அவன் கடையிலேயே தங்கையைத் திட்டினான்.

"உன் தலையில மாட்டி ஒரு ரவுண்டு போய்ட்டு வா. அப்பறம் பேசு" என்றாள் அவள்.

கடையில் இருந்ததில் ஒரு சைஸ் பெரியதை எடுத்துக் கொடுத்தேன். துப்பட்டாவுக்கு மேலேயே போட்டுப் பார்த்தாள். டயலைத் திருகியதும் ஆடவில்லை. ஆனால் காதுக்கு மேலே கையை வைத்தாள்.

"இங்க தொடுதுண்ணா. அந்த எடத்துலயே."

"அப்ப இது வேணாம்மா. அடுத்த லோடுல வேற மாடல் வரும். வந்து பாருங்க."

"எப்ப வரும்?"

"வர வாரம், இல்லன்னா அதுக்கு அடுத்த வாரம்."

அவள் முகம் மாறிவிட்டது. மறுநாளைக்கு மறுநாள் அவள் டியூட்டியில் சேர வேண்டும். வரவில்லை என்றால் அவள் மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்சல் ஹெல்மெட்டை வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவினான்.

"இதையே குடுண்ணே. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துப்ப?"

"ஸ்பாஞ்சு ஏதாச்சும் வெச்சிக்கறேன்."

நான் வேண்டாம் என்றேன். பாஸ்கர் பில் போட்டுவிட்டார்.

3. பட்டு மாதிரி

மறுநாள் சாயங்காலம் அண்ணனும் தங்கையும் திரும்பி வந்தார்கள். ரெஹானா தலையில் அதே ஹெல்மெட். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, இப்ப தொடவே இல்ல. தலையில இருக்கறதே தெரில."

"நாளைக்கு டியூட்டி. உங்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றான் அப்சல். "வாரு மட்டும் கரெக்டா போட்டுக் குடு."

வாரைச் சரிசெய்யக் கழற்றி வாங்கினேன். உள்பக்கம் திருப்பியதும் வாரை விட்டுவிட்டேன்.

அப்சல் பர்ஸ் தைக்கும் யூனிட்டில் ஸ்கைவிங் செய்பவன். ஸ்கைவிங் என்றால், மடித்துத் தைக்க வேண்டிய இடத்தில் தோலின் அடிப்பக்கத்தைச் சீவி மெல்லிசாக்குவது. அப்போதுதான் மடிப்பு தடிக்காமல் படியும். நல்ல கை வேண்டும். அப்சலுடையது நல்ல கை. ஹெல்மெட்டின் உள்ளே, இடது காதுக்கு மேலே, தெர்மோகோலைத் தழும்பின் வளைவுக்கு அப்படியே சீவி எடுத்திருந்தான். ஓரமெல்லாம் சரிவாக இழைத்து, ஒரு பிசிறு கூட இல்லாமல், மேலே மெல்லிய லைனிங் தோல் ஒட்டியிருந்தான். அவ்வளவு சுத்தமான வேலையை நான் கம்பெனியில் கூட அதிகம் பார்த்ததில்லை.

"பட்டு மாதிரி இருக்குது இல்ல?" என்றான்.

"எவ்ளோ எடுத்த பாய்?"

"பாதிக்கு மேலயே எடுத்துட்டேன். அந்த எடத்துல மட்டும்தான்."

"அந்த எடத்துலதான் எடுக்கக் கூடாது."

அவனுக்குப் புரியவில்லை. "வெளிய ஓடு அப்படியே இருக்குதுண்ணே. கீறல் கூட வுழல. நீயே பாரு."

"ஓடு சும்மா மூடி மாதிரி. அடி வாங்கறது இந்தத் தெர்மோகோல். கீழ வுழுந்தா அது நசுங்கும். அது நசுங்கினாத்தான் தலை நசுங்காது. நசுங்கறதுக்கு அங்க இன்னா வெச்சிருக்க?"

பேசிப் புரியவைக்க எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தேன்.

"கட்டை வெரல உள்ள வெச்சி அமுத்து. மொதல்ல வலது பக்கம்."

அமுத்தினான். ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப இடது பக்கம்."

ஸ்கைவிங் ஆட்களுக்குக் கட்டை விரல்தான் கேஜ். தோல் எவ்வளவு கனம் என்று விரலால் தடவிச் சொல்லிவிடுவார்கள். அப்சல் தான் சீவிய இடத்தில் விரலை வைத்து அமுத்தினான். வெளியே ஓடு லேசாகப் புடைத்தது. விரலை எடுத்தான். மறுபடி வைத்து அமுத்தினான். மறுபடி புடைத்தது. அதன்பிறகு அவன் விரலை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

பாஸ்கர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சான்" என்றாள் ரெஹானா. என்னிடம்தான் சொன்னாள், பார்த்தது அண்ணனை.

அப்சல் கல்லாப் பக்கம் போய் பார்சல் பிரிக்கும் கத்தியை எடுத்தான். இரண்டு வார்களையும் அறுத்தான். கம்பெனியில் ரிஜெக்ட் பீஸை அப்படித்தான் செய்வார்கள். நல்ல சரக்கோடு தெரியாமல் கலந்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு வெட்டுப் போட்டு ஒதுக்கிவிடுவார்கள். வெட்டிவிட்டுக் கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"நாளைக்கு டியூட்டி" என்றாள் ரெஹானா.

"நாளைக்கு நான் பைக்ல கொண்டுபோய் விடறேன். என் ஷிப்டு லேட்டானா ஆவட்டும்."

"அதுக்கு அடுத்த நாளு?"



4. தலைக்கு ஒரு பேட்டர்ன்

ஷூ கம்பெனியில் புது மாடல் வந்தால் லாஸ்ட் மேல் மாஸ்கிங் டேப்பைப் பட்டை பட்டையாக ஒட்டுவார்கள். அது காய்ந்த தோல் போல அந்த வடிவத்துக்கு நிற்கும். அதில் கோடு போட்டு உரித்தெடுத்தால் பேட்டர்ன். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. துப்பட்டாவுக்கு மேலே போட்டுப் பார்த்தால் தலையின் வடிவம் தெரியாது. பின்னூசி ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம் தூக்கும். அதற்காகக் கடையில் ஆம்பளைகள் நடுவே துப்பட்டாவை எடுக்கச் சொல்லவும் முடியாது.

"பாய், லாஸ்டுக்கு டேப் ஒட்டுவாங்களே, அதே மாதிரி ஒட்டு. அடியில மெல்லிசா ஒரு பருத்தித் தொப்பி இருக்கணும். கொண்டைய எறக்கிப் பின்னச் சொல்லு, பின்னூசி வேணாம். தழும்பு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சில்வர் பேனாவுல கோடு போடு. வலிச்சா நிறுத்திடு."

"எதுக்கு?"

"அந்தத் தலைய வெச்சி நான் கடை கடையா தேடறேன்."

"வெச்சிக்கண்ணா, எப்படியும் அது காலித் தலைதான்" என்றாள் ரெஹானா. அப்சல் சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் கொண்டுவந்த பேட்டர்ன் தேங்காய் மூடி போல நின்றது. உருண்டைத் தலை, பின்பக்கம் தட்டை. அவள் அதுவரை போட்டதெல்லாம் நீளத் தலைக்கான மாடல். அதனால்தான் நெற்றியிலும் பின்னாலும் இடம் இருந்து, இரண்டு பக்கமும் கடித்திருக்கிறது. சைஸை ஏற்றினாலும் அது தழும்பைத்தான் தொடும்.

எங்கள் கடையில் பொருந்தியது எதுவும் இல்லை. பாஸ்கர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு நாள் லீவு கொடுத்தார். "ஒரு ஹெல்மெட்டுக்கு ஊர் சுத்தறவன இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார். பேட்டர்னைத் துணிப்பையில் வைத்து வேலூருக்கு பஸ் ஏறினேன். மூன்று கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாலாவது கடையில் உருண்டை மாடல் ஒன்று கிடைத்தது. பேட்டர்னை உள்ளே வைத்துப் பார்த்தேன். தழும்புக் கோடு இரண்டு பேடுக்கு நடுவே காற்று போகும் இடைவெளியில் விழுந்தது. தெர்மோகோல் முழு கனத்தோடு அதற்கு மேலே, தொடாமல் நின்றது.

ஆம்பூர் திரும்பிக் கொடுத்ததும் ரெஹானா மெல்லிய பருத்தித் தொப்பிக்கு மேலே போட்டுப் பார்த்தாள். டயலைத் திருகினாள், தலையை ஆட்டினாள்.

"லேசா புடிக்குதுண்ணா. சுத்திப் புடிக்குது. அந்த எடத்துல ஒண்ணும் இல்ல."

"வாயத் தொற."

"ஆ..." என்றாள். ஹெல்மெட் இறங்கி அழுத்தியது.

"இத்தன வருஷத்துல அவ வாயத் தொறன்னு சொன்ன மொத ஆளு நீதாண்ணே" என்றான் அப்சல். பல நாள் கழித்து அவன் பேசிய முதல் கிண்டல்.

ஆனாலும் உடனே ஓட்ட வேண்டாம் என்றேன். நான் டாக்டர் இல்லை. அடுத்த செக்கப்புக்கு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, சரி என்றாராம். அதுவரை அப்சல்தான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

5. கேட்டில் பார்த்தது

அந்தக் கடையிலும் நான் நிலைக்கவில்லை. இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஹெல்மெட் விற்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், வலிக்கிற இடத்தைச் சீவியும் கொடுக்காதீர்கள். அந்தத் தலைக்கு என்று ஒன்று எங்கேயோ இருக்கும். தேடுங்கள். வலித்தால் கழற்றிவிடுவார்கள். சீவிக் கொடுத்தால் கழற்றவே மாட்டார்கள், அது இன்னும் மோசம்.

போன மாதம் விடியற்காலையில் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. முன்னால் டூவீலர்களுக்கு நடுவே ஒரு சைக்கிள். மெல்லிய தொப்பி, அதற்கு மேலே அந்த உருண்டை ஹெல்மெட், கழுத்தில் சுற்றிய துப்பட்டா. அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசி வேகன் தாண்டியதும் கேட்டைத் தூக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். ரெஹானா ஒரு காலை பெடலில் வைத்தாள். கொட்டாவி விடுவது போல வாயை நன்றாகத் திறந்தாள், மூடினாள். பிறகு மிதித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து போனாள்.