மேலூர் பஸ்ஸில் ஏறியவள்

மைதா காய்ச்சும் வாசனை எல்லோருக்கும் தெரியும். அதில் மயில்துத்தத்தை நுணுக்கிப் போட்டால் வருகிற வாடை எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. புளித்த கஞ்சியும் பச்சை பிடித்த செம்பும் சேர்ந்து நாக்கின் அடியில் ஊறுவதுபோல் இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் கலக்கும் அந்த நீல விஷத்தை, வருடம் முடிகிற வாரத்தில், மதுரை காளவாசல் வீட்டின் முன்னறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் பெரியப்பா கதைகளின் மேல் தடவிக்கொண்டிருப்பார்.

சுவரில் அல்ல, அட்டையில் அல்ல, கதைகளின் மேல்.

அப்பாவின் அண்ணன் அவர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். தெருமுனையில் பெரியப்பாவுக்குப் பலசரக்குக் கடை, அந்தக் கடைக்குத்தான் வாராவாரம் பத்திரிகை வரும். வந்த பத்திரிகை வீட்டுக்குள் வராது. "வாராவாரம் கையில குடுத்தா நீங்க அதுல வெங்காயத் தோலு அள்ளிருவீக, மொத்தமா வாங்கிப் படிங்க" என்பார். அதாவது, கதைகளை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, கல்லாப்பெட்டிக்குக் கீழே அடுக்கி, வருடம் முடிந்ததும் கனத்த அட்டை போட்டுக் காடாத்துணி முதுகு வைத்து "வால்யூம்" ஆக்கித்தான் வீட்டுப் பெண்களின் கைக்குத் தருவார். அம்மாவும், பெரியம்மாவும், பெரியப்பா மகள் செல்வி அக்காவும், நானும் ஒரு வருடம் பழசான கதைகளையே படித்து வளர்ந்தோம், ஊரே அடுத்த வாரத் தொடர்கதைக்குக் காத்திருந்தபோது நாங்கள் போன தீபாவளி மலரில் அழுதுகொண்டிருந்தோம்.

அதையாவது பொறுக்கலாம். பைண்டிங்குக்குப் போவதற்கு முந்தைய நாள் அவர் பசைக்கிண்ணத்தோடு உட்கார்வாரே, அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆகாத கதை" என்று அவர் முடிவு செய்தவற்றின் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவார். கிழித்தெறிய மாட்டார், காசு போட்டு வாங்கிய காகிதத்தைக் கிழிக்க அந்தக் கடைக்கார மனசுக்கு வராது. எது ஆகாத கதை என்கிறீர்கள்? வரப்புத் தகராறில் அண்ணனைத் தம்பி வெட்டிப்போட்ட கதை திறந்தே கிடந்தது. குடித்துவிட்டு வந்து மனைவியின் கையை ஒடித்தவன் கடைசி வரியில் "நீ என் தெய்வம்" என்று அழுகிற கதை திறந்தே கிடந்தது. இரண்டு பெண்டாட்டிக்காரனின் சங்கடங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையை அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். விற்றுவிட்ட சைக்கிளின் மணிச்சத்தத்தைத் தெருவெல்லாம் தேடித் திரிந்த தபால்காரரின் கதையும், பாகம் பிரிந்த சகோதரர்கள் கிணற்றுக்கு நடுவே கயிறு கட்டிய கதையும் எனக்கு உயிர், அவையும் அங்கேதான் கிடைத்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கதையில் ஒரு பெண் தனக்காக ஒரு காரியம் செய்தாள் என்றால், பசைக்கிண்ணம் வந்துவிடும்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நல்ல கதையின் கடைசிப் பக்கம் முடிகிற தாளின் முதுகில்தான் பெரும்பாலும் ஆகாத கதை ஆரம்பிக்கும், அதை ஒட்டினால் நல்ல கதை கெட்டுவிடும். ஆகவே ஆகாத கதைகளின் தொடக்கம் மட்டும் தப்பித்துக் கிடக்கும். வாசலைத் திறந்து காட்டிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொள்கிற வேலை.

அப்படித் தப்பிய இரண்டு பக்கங்களில்தான் அவளைச் சந்தித்தேன். எனக்குப் பதினோரு வயது. கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. கணவன் வேலைக்குப் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, பையும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல், மேலூர் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏன் போகிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. வெயிலில் தகரம் சுடுவதும், ஒத்தக்கடையில் ஆனைமலை ஜன்னலுக்குள் வந்து படுத்துக்கொள்வதும் கண்ணால் பார்ப்பதுபோல் எழுதப்பட்டிருந்தன. "கண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு அவளருகே வந்து நின்றார். அவள்", அவ்வளவுதான். அடுத்த பக்கம் பலகையாக இறுகியிருந்தது.

அவள் என்ன ஆனாள்? நானும் செல்வி அக்காவும் அந்த ஒரு கேள்வியை எத்தனை நாள் மென்றோம்! கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு சனிக்கிழமை முற்பகல், பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, இட்லிக் கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் அந்த வால்யூமை விரித்துப் பிடித்தோம். பசை இளகியது. ஆனால் பக்கத்தைப் பிரிக்கப் பிரிக்கக் காகிதம் தோல் உரிந்து, ஒரு பக்கத்து எழுத்து இன்னொரு பக்கத்தோடு போய்விட்டது. ஊதி ஊதிப் பார்த்ததில் இரண்டே சொற்கள் முழுசாகத் தேறின: "இரண்டாவது", "சிரித்தாள்".

"ரெண்டாவது புருஷன்டி!" என்றாள் செல்வி அக்கா, கண்கள் விரிய.

அப்போதுதான் சில்லறை எடுக்க வீட்டுக்கு வந்த பெரியப்பா அடுக்களை வாசலில் நின்றார்.

"என்னங்கடி, இட்லிக்குப் பதிலா புஸ்தகத்தை அவிக்கிறீக?"

"நனைஞ்சிருச்சுப்பா. காய வைக்கிறோம்."

"ஆவியிலயா காய வைப்பாக? முடிவு தெரியாட்டி தொண்டையில சோறு எறங்காதோ?"

அடிக்கவில்லை. வால்யூமைப் பறித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மறுநாள் அம்மாவிடம் போய் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "மேலூர் பஸ்ஸுல போனவ என்னம்மா ஆனா?" ஒரு நாள் சொல்லவில்லை, இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"பஸ்ஸு கவுந்துருச்சு. செத்துப்போனா. போ, போய்ப் பாடத்தப் படி."

நான் நம்பினேன். அம்மா சொன்னால் எப்படி நம்பாமலிருப்பது? கல்லூரிக்குத் தனியாகப் பஸ் ஏறியபோதும், வேலைக்குப் போகத் தொடங்கி ஆரப்பாளையத்தில் இறங்கி ஏறியபோதும், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். தன்போக்கில் புறப்பட்ட ஒருத்தியைப் பஸ்ஸோடு உருட்டிக் கொன்றுவிட்டான் என்று, முகம் தெரியாத எழுத்தாளன்மேல் நாற்பது வருடம் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். "உங்களுக்குப் பிடித்த பத்துக் கதைகள்" என்று யாராவது பட்டியல் கேட்டால், பத்தும் எழுதிய பிறகு இதை மனதுக்குள் பதினொன்றாகச் சேர்ப்பேன். முழுசாகப் படிக்காத கதை இப்படி ஆளைப் பிடித்து ஆட்டலாமா?

போன மாதம், ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களுக்கிடையே மேலட்டை போன ஒரு சிறுகதைத் தொகுப்பைப் புரட்டினேன். நாலாவது கதை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம், ஈரக்கை, எதிர்வீடு. நின்றபடியே, வெயில் தலையில் இறங்க, படித்து முடித்தேன்.

பஸ் கவிழவில்லை. கண்டக்டரிடம் அவள் "மேலூர்" என்றாள். இறங்கினாள். சந்தைக்குள் நடந்து, குவித்துக் கிடந்த கத்தரிக்காய்களை வாங்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தாள். இரண்டாவது டீ கேட்டபோது, "கூட யாரும் வாராகளாம்மா?" என்று கடைக்காரர் விசாரித்தார். "இல்ல, இதுவும் எனக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பி, சாவியை வாங்கி, அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான் கதை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போனவள் இல்லை, ஒருத்தனைத் தேடிப் போனவள்கூட இல்லை. ஒரு பகல் பொழுதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள், அதற்கு மயில்துத்தமா? செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். "ரெண்டாவது டீயா? நான் எம்புட்டோ நெனச்சேனேடி!" என்று சிரித்தாள்.

பெரியப்பாவைவிட அம்மாமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவராவது காகிதத்தைத்தான் ஒட்டினார், இவள் படித்துவிட்டு, தெரிந்தே, அவளைக் கொன்றாள் அல்லவா? மூட்டுவலியோடு என் வீட்டில் காலை நீட்டிக் கிடக்கிறவள் என்றும் பார்க்காமல், எதிரே உட்கார்ந்து முழுக்கதையையும் உரக்கப் படித்தேன்.

"திரும்பி வந்துட்டாளா?" என்றாள் அம்மா.

"வந்துட்டா."

"புருஷங்காரன் ஒண்ணும் கேக்கலையா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். நீதானம்மா பஸ்ஸு கவுந்து செத்தான்னு சொன்ன? படிச்சுட்டு ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் எங்கடி படிச்சேன்? எனக்கும் சேத்துத்தான ஒட்டுனாக."

முப்பத்திரண்டு வயது அவளுக்கு அப்போது. இரண்டு பிள்ளை பெற்றவள். எனக்கு இது இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"பெத்த பிள்ளகிட்டப் போயி, என்னையப் படிக்க விடலன்னு சொல்லச் சொல்றியா? நீ விடாம நச்சரிச்ச. அப்பிடிப் போறவளுக்கு வேற என்ன ஆகும்னு நானா நெனச்சுச் சொன்னேன்."

அந்தப் பத்திரிகை இப்போது வருவதில்லை. பைண்டிங் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். வீட்டைப் பாகம் பிரித்தபோது வால்யூம்களை எடைக்குப் போட்டார்கள். பெரியப்பா போய் நாலு வருடம் ஆகிறது, கடைசிவரை அவர் எதிரே அம்மா உட்கார்ந்தது கிடையாது.

புத்தகத்தை மூடினேன். அம்மாவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. எழுபது வயதுக்கு மேல் அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சிவப்பு.

"அவுக உசுரோட இருக்கயில இதக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாடி?" என்று என்மேல் பாய்ந்தாள். "நேரா நின்னு நாலு வார்த்த கேட்டிருப்பேன்ல?"