என் ஈரலின் வாசல்

2024 பெப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை 5.40. நல்ல பனி. கட்டிலிலிருந்து எழும்ப மூன்று முறை முயன்று, நான்காம் முறை மனைவியின் தோளைப் பிடித்துத்தான் எழும்பினேன். தொடையிரண்டும் அடித்துப் போட்டதுபோல வலித்தன.

மாரடைப்பு வந்த பிறகு கொலஸ்ட்ரோல் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது என்றிருந்தார் வைத்தியர். விட்டால் இதயம், விழுங்கினால் கால். மனைவி விழுங்குவதும் அதே கிளினிக்கில் தந்த அதே குளிசை, அதே அளவு. அவளோ கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் ஒரு நாளில் நாற்பத்தொரு தடவை நடக்கிறாள். என் குளிசைப் பைக்கற்றில்தான் பிழை என்று தீர்மானித்து, அவளுக்குச் சொல்லாமல் இரண்டையும் மாற்றி வைத்தேன். பதினான்கு நாள் பார்த்தேன். என் வலியும் குறையவில்லை, அவள் நடையும் குறையவில்லை.

வைத்தியரிடம் இதை ஒப்புக்கொண்டபோது அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"அப்ப என்னை எலியாக்கிப் போட்டியள்."

"ஒரே குளிசைதானே."

"எலிக்குச் சாப்பாடாவது வைப்பினம். நானெல்லோ உங்களுக்குச் சமைச்சுப் போட்டனான்."

வைத்தியர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "குளிசையிலை பிழையில்லை, ஐயா. மருந்து ஈரலுக்குள்ளை போற வாசல் சில பேருக்குப் பிறப்பிலேயே ஒடுக்கம். உள்ளை போகாதது இரத்தத்திலை நிண்டு தசையைப் பிடிக்கும். மரபணுவைச் சோதிச்சுப் பாப்பம்."

என் இரத்தம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானமேறி இந்தியாவுக்குப் போனது. இருபத்தாறாம் நாள் முடிவு வந்தது. அந்த வாசலுக்கான மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கிறதாம்.

"எங்கடை பக்கத்தாலை வந்திராது," என்றாள் மனைவி.

"உன்ரை அப்பாவும் என்ரை அம்மாவும் கூடப்பிறந்ததுகள்," என்றேன்.

ஒரு மனிதனுக்குள் முந்நூறு கோடி எழுத்துகள் இருக்கின்றனவாம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். செக்கனுக்கு ஓரெழுத்தாக, நித்திரை கொள்ளாமல் வாசித்தாலும் தொண்ணூற்றைந்து வருடம் வேண்டும். எனக்கு வயது எழுபத்து நான்கு. அந்த எழுத்தோடுதான் சைக்கிள் ஓடினேன், கல்யாணம் கட்டினேன், இடம்பெயர்ந்து பதினொரு வீடு மாறினேன். அது ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஒரு குளிசை வந்து தட்டும்வரை உள்ளே பேசாமல் இருந்திருக்கிறது. இன்னும் தட்டப்படாமல் எத்தனை இருக்கும்? முதன்முறையாக, எண்ணத் தொடங்கவே பயமாக இருந்தது.

வைத்தியர் வேறு குளிசை எழுதினார், குறைந்த அளவில். ஆறாம் கிழமை அளவெட்டிச் சந்தைக்கு நடந்து போய், கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு நடந்தே வந்தேன். கொலஸ்ட்ரோலும் இறங்கியிருந்தது. பரிசோதனை, வைத்தியர், மூன்று தடவை ஓட்டோ எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.