பளிச்சக்கா கடைசியாக ஊற்றிய சாக்லேட்

அம்மா விழுந்தது செவ்வாய்க்கிழமை காலையில், சமையலறையில், சாக்லேட் அச்சுகளை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்திய கையோடு. மூளையில் ரத்தக்கசிவு என்றார் மருத்துவர். மகளுக்கு அது சாவுக்கு ஒரு காரணமாகவே படவில்லை. அவள் மருந்துக் கிடங்கு ஒன்றில் குளிரறைகளைப் பராமரிக்கும் பொறியாளர். ஓர் இயந்திரம் நிற்கப்போகிறது என்றால் முதலில் சத்தம் மாறும், சூடேறும், சிவப்பு விளக்காவது எரியும். அம்மா எதையும் காட்டவில்லை. முந்தைய நாள்தான் ஃபோனில், "இந்தத் தடவ முந்திரி இல்ல, பாதாம்தான்" என்று சொல்லியிருந்தாள்.

அம்மா வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் விளிம்பைத் தேய்ப்பது, துடைப்பது, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. மயிரிழைக் கீறல் கண்ணில் பட்டாலும் அந்த லென்ஸ் கடையைத் தாண்டாது. அதனால் கடையில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்தே சில வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் வந்து போனார்கள்.

சாக்லேட் பைத்தியமும் அந்தக் கடையில்தான் பிடித்தது. முதல்முறை கண்ணாடி மாட்டும் பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கும். அம்மா ஒரு மிட்டாயை நீட்டுவாள். ஒருநாள் ஒரு வாண்டு அதை வாயில் போட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதது. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலையே கறுப்பு சாக்லேட் கட்டி ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள்.

முதல் கட்டியை நேரே அடுப்பில் வைத்துத் தீய்த்தாள். இரண்டாவதில் ஆவி பட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விழ, மொத்தமும் ஈர மணல் மாதிரி இறுகியது. மூன்றாவது ஒழுங்காக உறைந்தது; ஆனால் மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ருசியில் குறையில்லை என்று வீடே சொல்லியும் அம்மா கேட்கவில்லை. "மூஞ்சி கழுவாத மாதிரி இருக்கு" என்று திரும்ப உருக்கினாள்.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல், தண்ணீர் தொடாமல், இன்னொரு பாத்திரம். கட்டியில் முக்கால்வாசியை அதில் உருக்குவாள். இறக்கி வைத்து, மீதியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள். கரண்டியில் தொட்டுக் கீழுதட்டில் வைத்தால் லேசாகக் குளிர வேண்டும். அப்போதுதான் அச்சில் ஊற்றலாம். அச்சுகளைத் துடைப்பதும் கடையிலிருந்து வந்த லென்ஸ் துணியால்தான். ஊற்றியதும் காற்றுக் குமிழி போக அச்சை மேடையில் டொக் டொக்கென்று தட்டுவாள். ஆணி அடிக்கிறார்களா என்று சண்டைக்கு ஏறி வந்த கீழ்வீட்டுக்காரர் இரண்டைத் தின்றுவிட்டு இறங்கினார். அடுத்த வாரம், ஏன் இன்னும் தட்டவில்லை என்று கேட்க ஏறி வந்தார்.

இப்போது அதே ஃபிரிட்ஜில் இரண்டு அச்சு நிறைய சாக்லேட் இருந்தது. கழுவும் தொட்டியில் உருக்கிய பாத்திரம் கிடந்தது. அதன் விளிம்பை வழித்த விரல்களின் தடம் அப்படியே காய்ந்திருந்தது.

அச்சுகளையும் பாத்திரத்தையும் யாரும் தொடக்கூடாது என்றாள் மகள். ஃபிரிட்ஜ் கதவுக்குக் குறுக்கே டேப்பும் ஒட்டினாள்.

"பாலை எங்கடி வைக்கிறது?" என்றாள் சித்தி. அம்மாவின் தங்கை, சாவுக்கு வந்தவள் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுல."

"ரெண்டு அச்சு மிட்டாய்க்கு இந்தக் காவலா?"

"பதினாறு டிகிரி. காத்துப் புகாத டப்பா. ஈரம் இல்லாம வெச்சா ரெண்டு வருஷம் தாங்கும், சித்தி."

"அப்புறம்?"

மகள் டேப்பின் முனையை விரலால் அழுத்திவிட்டாள். அழவில்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்தே காது அடைத்த மாதிரி இருந்தது. செய்வதற்கு இருந்த ஒரே வேலை இதுதான். கிடங்குக்குப் போய்த் தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள்.

திரும்பி வந்தபோது டேப் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். அச்சுகள் காலி. குழி குழியாகப் பளபளவென்று காலி.

கூடத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர், கடை ஆட்கள், கடை முதலாளி. எல்லார் வாயும் அசைந்துகொண்டிருந்தது. நடுவில் சித்தி வெறும் தட்டோடு நின்றாள்.

கையிலிருந்த பெட்டியை எங்கே வைத்தாள் என்று மகளுக்குத் தெரியவில்லை. சித்தியின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"என்ன பண்ணிட்டீங்க?"

"வலிக்குது, விடுடி. கடையே தெரண்டு வந்திருக்கு. வெறும் டீயா குடுக்கச் சொல்ற?"

"பிஸ்கட் இருந்துச்சே."

"உங்கம்மா என்னிக்காவது வந்தவங்களுக்கு பிஸ்கட் குடுத்திருக்காளா? தனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்காளா? நீ என்னமோ ஊசி மருந்து மாதிரி..." சித்தியின் குரல் உடைந்தது. "எனக்கும் ஒண்ணு வேணும்னுதான் இருந்துச்சு. எண்ணிப் பாத்தா எனக்கு வரல."

கூடத்தில் யாரோ பலமாக இருமினார்கள். முதலாளிதான். முகம் சிவந்து, கண்ணும் மூக்கும் ஒழுகின. இருபது வருஷம் கூட வேலை பார்த்தவள் அல்லவா, மனுஷன் தாங்கமாட்டாமல் உடைந்துவிட்டார் என்று கீழ்வீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மகளும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குழியில் மட்டும் அம்மா மிளகாய்த்தூளை அள்ளிப் போடுவாள். எந்தக் குழி என்று அவளே மறந்துவிடுவாள். வீட்டிலும் கடையிலும் அது யார் வாயில் மாட்டுகிறதோ அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும், சட்டம் அது. அச்சுகளைக் காப்பாற்றக் கிளம்பிய மகளுக்கு அதற்குள் மிளகாய் இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. செத்துப்போனவள் ஒருத்தரைக் கேலி செய்துகொண்டிருந்தாள், அதுவும் இப்போது, எல்லார் முன்னாலும்.

"தண்ணி குடுங்க சார்க்கு" என்றார் ஒரு கடை ஆள். "அக்கா விடல பாத்தீங்களா, கடைசியிலயும் உங்களத்தான் புடிச்சிருக்கு."

"சும்மா இருப்பா." முதலாளி தண்ணீரைக் குடித்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா, மிளகாயா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நேரே சமையலறைக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"பாத்திரம் எதும்மா?"

சித்தி தொட்டியைப் பார்த்தாள். மகள் சட்டென்று குறுக்கே போய் நின்றாள்.

"வேணாம் சார். அது அப்படியே இருக்கட்டும்."

"நான் கழுவலைன்னா உங்கம்மா ஒரு வாரம் சொல்லிக்காட்டுவாங்க. கடையில நடக்குறது உனக்குத் தெரியாது." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மடித்த கையோடு அப்படியே நின்றார். பெரிய மனுஷர், வாயைச் சுற்றிச் சாக்லேட், என்ன செய்வதென்று தெரியாமல்.

மகள் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தாள். நான்கு கோடுகள். ஆள்காட்டி விரலின் கோடு மட்டும் கொஞ்சம் நீளம். இதற்கு எத்தனை டிகிரி, எந்த டப்பா என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. கணக்கு ஓரிடத்தில் நின்றது. விளிம்பில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். கோடுகள் அவள் விரலைவிட அகலம். அதை அவள் இதுவரை கவனித்ததே இல்லை.

விரலை எடுத்து ஒதுங்கி வழிவிட்டாள். முதலாளி குழாயைத் திறந்தார்.

"பச்சத் தண்ணியில போகாது சார்" என்றாள் மகள். "கொழுப்பு ஒட்டிக்கும். இருங்க."

கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் சுடும்வரை மூன்று பேரும் அந்தச் சின்னச் சமையலறையில் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.