விக் கடைக்கு வந்த குவாண்டம் கவலை

திருப்பதியில் விக் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் இன்று முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, கஸ்டமர் ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டு பூட்டிதான் வச்சிக்கீறேன். பூட்டோடவே இப்ப திருடி வச்சிக்கினு, நாளைக்கு குவாண்டம் கம்ப்யூட்டர் வந்ததும் தொறந்துடுவானுங்களாம்!”

“உன் சின்னக் கடைக்கு எவன்ப்பா வரப்போறான்?” என்று சிரித்தேன்.

“பேரு, போட்டோ, தலை அளவு எல்லாம் அதுல கீது. உன்னுதும்தான்.”

என் சிரிப்பு நின்றது.

“உடனே புதுப் பூட்டு போடுப்பா!”

“கம்ப்யூட்டர் பாக்குற பையன்கிட்ட சொல்ட்டேன்ணா. முன்னாடியே எவனாவது எடுத்துனு போயிருந்தா?”

வீடு வரும்வரை யோசித்தேன். எந்தக் கம்ப்யூட்டரும் என்னால் கஷ்டப்பட வேண்டாம். இத்தனை நாள் நீங்கள் பொறாமைப்பட்ட அடர்த்தியான முடி, முனிரத்தினம் கடைச் சரக்கு. அது இல்லாத தலையின் படம் இந்தப் பதிவுக்குக் கீழே. காற்று சுகமாக வருகிறது!

அந்த ஃபைலில் இருக்கும் மற்றவர்களும் கமென்டுக்கு வரலாம். இரண்டு பேரை நானே கடையில் பார்த்திருக்கிறேன்.