ஊருணியில் இறங்காத கருவி

நான் படித்த இயற்பியலை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. எனக்கே முழுதாகப் புரிந்ததா என்பது வேறு விஷயம். ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக்கொல்லைக்காரர் மகன் சென்னைக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்ததே பெரிய கூத்து. எனக்குக் கொடுத்த விஷயம் அண்டக் கதிர்கள். வானத்துக்கு அப்பாலிருந்து வந்து கல்லையும் தண்ணீரையும் துளைத்துக்கொண்டு போகிறவை. தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் வரை போகின்றன என்று நான் அளக்க வேண்டும். அளந்து காட்டினால்தான் அடுத்த வருஷம் இடம் உண்டு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கருவி ஒரு பித்தளைக் கூடு. மூடியைத் திருகித் திறக்கலாம். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு படிக இழைகள். மின்சாரம் ஏற்றினால் விலகி நிற்கும்; கதிர்கள் வர வர மெல்ல நெருங்கும். ஜெர்மனியில் செய்தது. அந்த ஜெர்மனியோடுதான் அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது.

கிணற்றில் அளந்தால் பயனில்லை, பாறையே கதிர் விடும். மழைத் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊருணியை விட்டால் ஏது? ஆனால் அது குடிதண்ணீர்; யாராவது கால் நனைத்தாலே ஊர் கூடிவிடும். நவராத்திரி விடுமுறையில் போய் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் முன்னால் நின்றேன்.

“பொட்டிய மட்டுந்தான எறக்குவீங்க? ஆளு எறங்கக் கூடாது தம்பி” என்றார்.

“வாழமரத் தெப்பம் கட்டி, கரையில நின்னே கயித்தப் புடிச்சுக்கிறேங்க.”

“அப்பச் சரி. ஆயுத பூசை கழியட்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசையன்று ஏர், மண்வெட்டி, அரிவாள் வரிசையில் வைக்க என் கருவியையும் கேட்டார், என்னைப் பெற்ற ஆத்தா. பிள்ளையின் பிழைப்புக்கு அதுதானே ஆயுதம்? கொடுத்துவிட்டு, தெப்பத்துக்கு வாழைமரம் கேட்டுவரப் போனேன்.

திரும்பி வந்தபோது பித்தளை பளபளத்தது. புளி போட்டுத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார். மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது.

“திருகுமூடி போட்ட செம்பாட்டம் இருந்துச்சுப்பா, தொறந்தேன். உள்ள ஒரே நூலாம்படை. இம்புட்டுப் படிச்ச புள்ள இதக்கூடத் தொடைக்கலியேன்னு துணிய விட்டுத் தொடச்சுட்டேன். பளிச்சுனு இருக்குல்ல?”

கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்; இழைகள் இரண்டும் அறுந்து போயிருந்தன. அவர் முகத்திலோ அவ்வளவு பூரிப்பு. “இருக்கு ஆத்தா” என்றேன். கொல்லைப்பக்கம் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “யுத்தம் முடிந்தால் இழை வரும், அப்போது வா” என்றார். என் இடம் வேறொருவனுக்குப் போனது. நான் இலுப்பூரில் பள்ளிக்கூட வாத்தியாரானேன். யுத்தமா, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பழைய பாடங்களை எடுத்துப் படிப்பேன். வருஷத்துக்கு வருஷம் புரிவது குறைந்தது. வெட்கக்கேடு!

யுத்தம் முடிந்ததும் சென்னைக்கு ஓடினேன். பேராசிரியர் ஓய்வுபெற்றிருந்தார். அவர் நாற்காலியில் என் வயதுக்காரர் ஒருவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகவே கேட்டார்.

“இதையெல்லாம் வெளிநாட்டுல எப்பவோ அளந்து முடிச்சுட்டாங்களே. கருவிகூட இப்ப வேற. இத்தனை வருஷமா நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“முதல் பாரத்துப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன்.