ஏழாம் படகின் பச்சைப் புள்ளி

ஏரிக்கரையில் அவளை எல்லோரும் ‘ரேடார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. மெக்கானிக் அவளைவிட மூன்று வயது மூத்தவர், இருந்தாலும் ‘ரேடார் அக்கா’ என்பார். எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது அவளுக்குப் பிறவியிலேயே வந்த குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். “உன்னக் கட்டிக்கிட்டதுல ஒரு வசதி. கவலப்படுற வேலைய நீயே மொத்தமா எடுத்துக்கிட்ட” என்று அவள் கணவர் சிரிப்பார்.

அவள் முன்பு ஒரு பள்ளியின் பேருந்து அலுவலகத்தில் பதினான்கு வருஷம் இருந்தாள். எந்த வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது, எந்தப் பிள்ளை இன்னும் இறங்கவில்லை என்று டிரைவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பது அங்கே அவள் வேலை. அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகு, நாற்பத்து நான்காவது வயதில், படகுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

படகுகள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் இருக்கைக்கு அடியிலும் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி இருந்தது. படகு எங்கே நிற்கிறது, என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், அடித்தட்டில் கசியும் தண்ணீரை வெளியே தள்ளும் சின்ன பம்ப் எத்தனை தடவை ஓடியது என்று அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அது செய்தி அனுப்பும். அலுவலகத் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு.

அந்த மாதத்தில் அவள் மெக்கானிக்கை இரண்டு தடவை ஓட வைத்திருந்தாள், இரண்டும் வீண். முதல் தடவை இன்ஜின் கொதிக்கிறது என்று பெட்டி சொன்னது. போய்ப் பார்த்தால் சூடு பார்க்கும் கம்பியில்தான் தண்ணீர் இறங்கியிருந்தது. இரண்டாம் தடவை ஒரு படகு நடு ஏரியில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. மெக்கானிக் மீட்புப் படகை எடுத்துக்கொண்டு பறந்தார். அங்கே ஒரு புதுமணத் தம்பதி, ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே முதலாளி சொல்லிவிட்டார்: “இனிமே என்னக் கேக்காம மீட்புப் படகு நகரக் கூடாது.”

அதற்கு அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஏழாம் எண் படகு கிளம்பியது. அதில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவருடைய இரண்டு பெண்களும் இருந்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. மனைவிக்குத் தண்ணீரைப் பார்த்தாலே குமட்டும். அதனால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரேடாரின் மேசைக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, “இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார். ரேடாருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தன் இனத்தைச் சேர்ந்த ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு ஐம்பதுக்குத்தான் அவள் கண் அந்த எண்ணில் பட்டது. பம்ப் ஒன்பது தடவை ஓடியிருந்தது. சாதாரணமாக மணிக்கு ஒன்றோ இரண்டோதான் ஓடும். நேரங்களை வரிசையாகப் பார்த்தாள். நாலு நிமிஷ இடைவெளி, பிறகு மூன்று, பிறகு இரண்டு. ஆனாலும் புள்ளி பச்சையாகவே இருந்தது. பம்ப் ஓடினால் அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பெட்டிக்கு அர்த்தம். இத்தனை தடவைக்கு மேல் ஓடினால் சத்தம் போடு என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

படகு தீவின் மறுபக்கம் மிதந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பறவை பார்ப்பதற்காக இன்ஜினை அணைத்திருப்பார்கள் போல. இன்ஜின் ஓடாததால் பேட்டரி ஏறவில்லை. பம்போ அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

ஏதோ தோன்றி, அவள் முந்தின நாள் பதிவைத் திறந்தாள். அதில் என்ன இருக்கும் என்று திறக்காமலே அவளுக்குத் தெரியும். நேற்று நாலு இருபதுக்கு இதே படகு மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரே நொடியில் நின்றிருந்தது, பலத்த அதிர்வோடு. மஞ்சள் விளக்கு வந்தது. படகைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், “ஒன்னுமில்லீங்க, கரைல லேசா இடிச்சுது” என்றார். அவளும் ‘பார்த்தாச்சு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டாள். அதன்பின் இன்று இரண்டு மணி வரை படகு கரைமேல்தான் ஏறிக் கிடந்தது. மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. அந்தத் தம்பதியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் இருந்த இருப்பு நினைவுக்கு வந்ததால் சொல்லவில்லை.



“இப்ப எங்க இருக்காங்க?” என்றார் எதிரே இருந்த அம்மா.

“தீவுக்கு அந்தப் பக்கம். எல்லாம் பச்சதாங்க.”

சொன்னபோது தன் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று பிறகு நாள்கணக்கில் யோசித்தாள். முதலாளிக்குப் போன் போட்டாள், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டாள், அப்போதும் அதேதான். திரையில் பம்பின் எண்ணிக்கை பதின்மூன்று ஆனது. அதன்பின் எண்ணிக்கை ஏறவில்லை. பம்ப் நிற்காமல் ஓட ஆரம்பித்திருந்தது.

படகை எடுத்தவரின் எண்ணைப் பதிவேட்டில் தேடி அழைத்தாள். மேசைக்கு எதிரே இருந்த கைப்பைக்குள் மணி அடித்தது.

அந்த அம்மா பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். “நனஞ்சிடும்னு என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு” என்றார். அப்புறம் ரேடாரின் காதில் இருந்த போனைப் பார்த்தார். “நீங்கதான் கூப்பிடுறீங்களா?”

இனி மறைக்க ஒன்றும் இல்லை. “படகுல தண்ணி ஏறுதுன்னு நெனைக்கிறேங்க. ஆள அனுப்புறேன். நீங்க இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தினாள். “ஏழுல தண்ணி ஏறுது, கிளம்புங்க.”

படகுத்துறையில் மெக்கானிக் நிமிர்ந்தார். “மறுபடியுமா அக்கா? மொதலாளி கிட்ட கேட்டீங்களா?”

“கேக்கல. வேலை போனா என் வேலதான் போகும். கிளம்புங்க.”

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, மறுபேச்சு பேசாமல் கயிற்றை அவிழ்த்தார். ஆனால் தீவைச் சுற்றிப் போக அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அவள் திரையில் மற்ற புள்ளிகளைப் பார்த்தாள். மூன்றாம் எண் படகு ஏழுக்கு எழுநூறு மீட்டர் தள்ளி இருந்தது. அதில் இருந்தவர் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தனியாக வந்து படகு எடுப்பவர். அவரை அழைத்தாள், முதல் மணியிலேயே போனை எடுத்தார்.

“ஐயா, பதறாதீங்க, ஒரு உதவி.”

“நான் பதறல, நீங்கதான் பதறுறீங்க. எந்தப் பக்கம் போகணும், அத மட்டும் சொல்லுங்க.”

அவள் சொன்னாள். போனை வைக்க வேண்டாம் என்றாள். அவர் அதை இருக்கையில் போட்டுவிட்டு இன்ஜினை முடுக்குவது கேட்டது. பிறகு காற்றும் இரைச்சலும்தான். எதிரே இருந்த அம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்து, திரையைப் பார்த்தபடி அவள் தோள் அருகே நின்றார்.

மூன்று ஐந்துக்கு ஏழாம் எண் புள்ளி சாம்பல் நிறமானது.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“பேட்டரி தீந்துடுச்சு. பெட்டி பேசாது. பம்பும் ஓடாது.”

அவ்வளவு வருஷமாகக் கவலைப்பட்டும், இப்படிக் கவலைப்பட்டதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மற்ற கவலைகளில் எல்லாம், இது வெறும் நினைப்புதான் என்று ஒரு மூலையில் தெரிந்துகொண்டே இருக்கும். இதில் அந்த மூலை இல்லை. பிள்ளைகளுக்கு மிதவை அங்கியை மாட்டிவிட்டது அவள்தான். கொக்கியை இழுத்துப் பார்த்தோமா, பார்த்தோமா என்று மனசு அதையே அரைத்தது.

போனில் இரைச்சல் தணிந்தது. ரயில்காரர் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு ஒரு சின்னப் பெண் சிரிக்கும் சத்தம். அந்த அம்மாவின் கை ரேடாரின் தோளை இறுக்கிப் பிடித்தது.

“சின்னவ என் படகுக்கு வந்துட்டா” என்றார் ரயில்காரர். “பெரியவளும் வந்துட்டா. அப்பாதான் வர மாட்டேங்கிறாரு. படகு நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வந்து தொந்தரவு பண்றீங்கன்னு கேக்குறாரு.”

“காலடில இருக்குற பலகையத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க ஐயா.”

மரம் கிறீச்சிடும் ஓசை வந்தது.

“ஏறிட்டாரு” என்றார் ரயில்காரர்.

மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது ஏழாம் படகின் பின்பக்கம் விளிம்பு வரை இறங்கியிருந்தது. கயிறு கட்டி இழுத்துவந்தார். வரும் வழியிலேயே பின்பக்கம் முழுதாக மூழ்கி, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விரிசல். பாறையில் மோதியது.

பெண்கள் இருவரும் நனையாமல் இறங்கினார்கள். ரயில்காரர் தங்களைக் கடத்திக்கொண்டு வந்ததாகச் சின்னவள் சொன்னாள். அந்த அம்மா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கணவர் ஈரக் காலணிகளைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் காரைத் திறக்கப் போனார்.

கிளம்புமுன் அந்த அம்மா அலுவலகத்துக்குள் வந்தார். “எங்க இருக்காங்கன்னு நான் கேட்டப்போ எல்லாம் பச்சன்னு சொன்னீங்க. அப்பவே தெரியுமா?”

வேறு மாதிரி சொல்ல இடம் இருந்தது. “தெரியுங்க” என்றாள் ரேடார்.

அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

முதலாளி ஐந்து மணிக்கு வந்தார். மெக்கானிக் நடந்ததையெல்லாம் சொல்லி, “அக்கா இல்லன்னா அவ்வளவுதான்” என்று முடித்தார். முதலாளி பாராட்ட வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். நேற்றைய அதிர்வைத் திரையில் காட்டினாள். ‘பார்த்தாச்சு’ என்று பதிவான இடத்தையும், அதை அழுத்தியவர் பெயர் இருந்த இடத்தையும் காட்டினாள்.

“ஏன் சொல்லல?” என்றார் முதலாளி.

“மூணாவது தடவையும் தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன்.”

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கவிழ்த்து வைத்திருந்த படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா” என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் போனால், மெக்கானிக்கும் முதலாளியும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பம்ப் மணிக்கு எத்தனை தடவை ஓடினால் மஞ்சள், எத்தனை தடவை ஓடினால் சிவப்பு என்று அவளைக் கேட்டார்கள். மூன்று, ஆறு என்றாள். மோதிய படகின் பலகையை மெக்கானிக் தூக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ‘பார்த்தாச்சு’ பொத்தான் வேலை செய்யக் கூடாது என்றும் சொன்னாள். அப்படியே மாற்றினார்கள். மீட்புப் படகுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி முதலாளி பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மெக்கானிக் பதினொரு தடவை போய்வந்தார். ஒன்பது வீண். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, கையைத் துடைத்தபடி, “ஒன்னுமில்ல அக்கா” என்பார். அவள் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டு, அடுத்த புள்ளியைப் பார்ப்பாள்.