வரிக்குதிரையின் இரண்டு கோடி ஆண்டுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் வரிக்குதிரை என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருடைய மேசைக்குப் பின்னால், ஜன்னலில் தொடங்கி அலமாரி வரைக்கும், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு நீளமான வரைபடம் ஒட்டியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வாசல் காவலரே சொன்னார்: "மாடிக்குப் போம்மா. வரிக்குதிரை பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு." நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். "பரவாயில்ல, குதிரைக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருச்சு" என்றார்.

அந்தப் பட்டைகள் கடலின் அடித்தரை. நடுக்கடலில் தரை மெல்லப் பிளந்துகொண்டே இருக்கிறது. பிளவில் ஊறி வரும் எரிகுழம்பு ஆறும்போது, பூமியின் காந்தம் அப்போது எந்தத் திசை பார்த்ததோ அது கல்லுக்குள் உறைந்துவிடும். பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்பும். அதற்கு ஒழுங்கான கால இடைவெளி கிடையாது. அதனால் தடியும் ஒல்லியுமாகப் பட்டைகள் விழுந்து, பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்ததுபோல விலகிப் போகும். எந்தப் பட்டை எந்தக் காலத்தது என்பதற்கு உலகத்துக்கே பொதுவான ஒரு வரிசை இருக்கிறது. கப்பலுக்குப் பின்னால் காந்தமானியை நீண்ட வடத்தில் இழுத்து வந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைப் பொது வரிசையோடு பொருத்தி, கரையோரத்துக் கடைசிப் பட்டையின் வயதைக் கண்டுபிடித்துவிட்டால், இரண்டு நிலங்கள் பிரிந்து நடுவே கடல் திறந்தது எப்போது என்று சொல்லிவிடலாம்.

பொருத்தம் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. "கல்யாணத் தரகர் உத்தியோகம். என்ன, ரெண்டு வீட்டுக்காரங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்பார். பட்டைகளின் எண்களை அவர் சொல்லவே மாட்டார். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்: தடியன், ரெட்டைக்குச்சி, மொட்டை, கூனன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "கடலுக்கு வயசு தெரிஞ்சா மீன் வெல கொறையுமா?" என்று அப்பா கேட்டார். இன்றும் கேட்கிறார். அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு இந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. மனைவி கணக்கிட்ட கடலின் வயதை டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "எட்டு கோடி வருஷம். அதக் கண்டுபிடிச்சவளால என் வண்டி வயசக் கண்டுபிடிக்க முடியல."

எட்டு கோடி என்பது மற்றவர்கள் நினைத்திருந்ததைவிட இரண்டு கோடி கூடுதல். அதைச் சொல்லும் கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டிருந்தது. அக்காவின் பெயர் முதல் பெயராக வரும் முதல் கட்டுரை அதுதான். பத்து வருஷத்துக்கு மேலாக, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர் அவர். இப்போது ஒரு நிரந்தர இடம் காலியாகி, நேர்காணலுக்கு ஒரு வாரம் இருந்தது. அவரிடம் காட்ட இருந்தது அந்தக் கட்டுரை ஒன்றுதான். அடுத்த முறை இடம் வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பார்.

அந்த வாரத்தில்தான் ஒரு கப்பலிலிருந்து புதிய அளவுகள் வந்தன. அக்கா ஆராய்ந்த கடலின் கிழக்குப் பாதியில், நடுவில் அதுவரை சரியான கோடே கிடைக்காத ஒரு பகுதி இருந்தது. கப்பல் அதைக் குறுக்கே கடந்திருந்தது. மதியம் நான் புதிய தாளைப் பார்த்துப் படிக்க, அக்கா சுவர்ப்படத்தில் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"தடியன். ஒரு பள்ளம். ரெட்டைக்குச்சி."

"ம்."

"மொட்டை. பக்கத்துலயே ஒரு சின்னது."

"ம். ம். நல்லாப் பொருந்துது, மேல படி."

அப்போதுதான் தாளின் மூலையைப் பார்த்தேன். அந்தக் கப்பல் கரையிலிருந்து புறப்பட்டு நடுக்கடலை நோக்கி வந்திருந்தது. அக்காவின் சுவர்ப்படமோ நடுக்கடலில் தொடங்கிக் கரைக்குப் போவது.

"அக்கா, தப்பாப் படிச்சிட்டேன். நான் கரையிலேருந்து வந்துட்டு இருக்கேன்."

"இருக்காதே. பொருந்திட்டே வந்துச்சே."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு, "திருப்பிப் படி" என்றார். திருப்பிப் படித்தேன். அப்போதும் பொருந்தியது. பென்சில் அந்தப் பகுதியின் நடுவே ஓர் இடத்தில் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கமும் இருந்தது.

"இங்க ஒரு பிளவு செத்துக் கெடக்குது" என்றார் மெதுவாக. கடல் முதலில் அங்கேதான் பிளந்திருக்கிறது. பிறகு பிளவு இடம் மாறி மேற்கே போய்விட்டது. அது தெரியாமல், செத்த பிளவின் இரண்டு பக்கமும் இருந்த ஒரே காலத்துப் பட்டைகளை அவர் அடுத்தடுத்து வந்தவையாக இரண்டு முறை எண்ணியிருக்கிறார்.

"பொருந்தாத எடத்துல எல்லாம், தரை வெலகுற வேகம் மாறியிருக்கும்னு போட்டேன். வேகத்தக் கூட்டிக் கொறச்சா எதுவும் எதோடயும் பொருந்தும். இந்த வேலைல இருக்கற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லாமலே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் அதற்குள் எல்லாக் கோடுகளையும் மறுபடி சரிபார்த்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனார். அரைச்சுவர்தான், பேசுவதெல்லாம் கேட்கும்.

"ஒரு வாரம் பொறுங்களேன்ம்மா. நேர்காணல் முடியட்டும். அப்புறம் திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம்."

"அந்த நாற்காலில உக்காந்து எட்டு கோடின்னு என் வாயால சொல்லணுமே சார்."

"யாரும் கேக்கவே மாட்டாங்க."

"கேட்டா?"

அக்காவே தொடர்ந்தார். "அடுத்த பயணத்துக்கு நான் குடுத்த படத்த வெச்சித்தான் வழி போடறாங்க. திருத்தின படத்த நாளைக்கு அனுப்பியாகணும். தப்பான எடத்துல ஒரு மாசம் அந்தப் பசங்க வடத்த இழுத்துட்டுத் திரிவாங்க."

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும் சார். அதுல ஒண்ணும் சந்தேகமில்ல."

அன்று இருவரும் அவர் கணவரின் பேருந்தில் போனோம். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில்தான் அக்கா எப்போதும் உட்காருவார்.

"என்ன, மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?"

அக்கா சொன்னார். அவர் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார்.

"அப்ப எட்டு இல்லையா?"

"ஆறு."

"பாப்பா பள்ளிக்கூடத்துல எட்டுன்னு சொல்லிட்டா."

"நான் பேசிக்கறேன் அவகிட்ட."

"வேல?"

"கட்டுரையத் திரும்ப வாங்கறேன். அது இல்லாம குடுக்க மாட்டாங்க. அடுத்த தடவ வயசு தாண்டிடும்."

பச்சை விழுந்தது. அவர் கியரை மாற்றினார். "கடலுக்கு ரெண்டு கோடி வயசக் கொறச்சிட்ட. உனக்கு ரெண்டு வயசு கொறைக்க ஊர்ல ஒருத்தன் இல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நேர்காணலில் கேட்டார்களாம். ஆறு கோடி என்றும், எட்டு என்று முன்பு போட்டது தன் பிழை என்றும் சொன்னாராம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வேறொருவருக்கு வேலையைக் கொடுத்தார்கள். அக்காவின் ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்தாயிற்று. படிப்பென்றால் வேலை, வேலையென்றால் நிரந்தரம் என்ற வீட்டிலிருந்து வந்தவள் நான். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சுவரின் கிழக்குப் பாதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினோம். கப்பல் செத்த பிளவைத் தேடிப் புறப்பட்டுப் போனது.

அன்று மாலை பேருந்தில் ஒரு பெரியவர், "கடலுக்கு எத்தனை கோடின்னு சொன்னே?" என்று ஓட்டுநரைக் கேட்டார்.

"ஆறு."

"போன மாசம் எட்டுன்ன?"

"என் பொண்டாட்டி கொறச்சிட்டா."

"யார்கிட்ட பேரம் பேசினாங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அவளே போட்ட வெல, அவளே கொறச்சா." கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் அக்கா.